தடைக்காலத்து விருந்தாளி

பாம்பன் பாலம் வந்ததும் எழுப்பு என்றிருந்தேன்.
எழுப்பவில்லை டெல்வின்.
கண் திறந்தால் தங்கச்சிமடம்.
"பாலம் எங்கடா போயிடும்,
எட்டு நாள் இருக்குல்ல" என்றான்.

விடுதியில்தான் அவன் டெல்வின்.
வாசலில் கால் வைத்ததும் பாப்பு.
"பாப்பு வந்துட்டான்" என்று தங்கை கத்தியதில்
காரைக்குடியில் வளர்த்த மீசைக்கு
இரண்டு வயது குறைந்துபோனது.

நான் கொண்டுபோன கேழ்வரகு மாவை
அவன் அம்மா ஜெயசீலி பிரித்து முகர்ந்தார்.
மறுநாளே களி கிண்டி
நாட்டுப்படகில் வந்த கணவாயைக்
குழம்பு வைத்து ஊற்றினார்.
என் அம்மாவிடம் போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு
"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

இருந்தது.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.
சூசைமரியான், அவன் அப்பா,
பகலை என்ன செய்வதென்று தெரியாமல்
கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்.
காய்வதற்குள் மறுபடி அடித்தார்.

வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்,
நடுவுல நாங்க என்றான் பாப்பு.
பெண்கடலில் முட்டளவு நின்றதற்கே
சொறி பட்டுக் கணுக்கால் தடித்தது.
எங்கள் பென்னாகரத்தில்
தண்ணீர் யாரையும் கடிப்பதில்லை,
பல்லில் மஞ்சளாய் எழுதிவிட்டுப் போகும்,
அவ்வளவுதான்.

விடுதிச் சுவரில் அவன் ஒட்டிய படத்தில்
ஒரு படகு. நீலம். மூக்கில் வெள்ளை நட்சத்திரம்.
"எங்க போட்" என்பான், இரண்டு வருடமாக.
ஐந்தாம் நாள் கரையில்
அதே நட்சத்திரத்தின் மேல் ஏறி நின்ற வேறொருவர்
சூசைமரியானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
அடிப்பாசி சுரண்டச் சொன்னார்.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார் அவர்.
பாப்பு என்னைப் பார்க்கவில்லை.
நான் ஒரு நண்டு வளையை
ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு சோறு போடும்போது ஜெயசீலி கேட்டார்.
"இவனுக்கு எத்தன பேப்பர் நிக்குது?
நீ சொல்லு தம்பி, நீ பொய் சொல்ல மாட்ட."
நான்கு.
"ஒண்ணு இருந்துச்சும்மா, எழுதிட்டான்" என்றேன்.
என் தட்டில் இன்னொரு துண்டு பாறை வைத்தார்.
அந்தத் துண்டில் முள் எடுக்க
எனக்கு நெடுநேரம் ஆனது.

ஏழாம் நாள் அரிச்சல்முனை.
கச்சான் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது,
கடன் கொடுத்தவனைப் போல.
பையில் செல்போன் அதிர்ந்தது:
இலங்கைக்கு நல்வரவு.
எல்லோருக்கும் காட்டினேன், பரிசு விழுந்தவன் மாதிரி.
சூசைமரியான் வாங்கி
கையைத் தள்ளி நீட்டிப் படித்தார்.
"எனக்கும் ஒருதரம் நல்வரவு குடுத்தாங்க.
எழுபத்திரண்டு நாள் விடவே இல்ல.
சோறு பரவால்ல. சம்பல் நல்லாருக்கும்."
சிரித்தார்.
யாரும் சிரிக்காததால்
அவரே இன்னொரு தடவை சிரித்தார்.
திருப்பித் தருமுன் திரையைக்
கைலியில் துடைத்துத் தந்தார்.

எட்டாம் நாள் மூன்று உறைக்குள் கருவாடு,
நான்காவதாக என் துண்டு.
பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்து
முன்னால் நகர்ந்துகொண்டார்.
அந்த இடத்தில் டெல்வின் உட்கார்ந்தான்.
மண்டபம் வரை வருகிறானாம்,
பாலத்தில் என்னை எழுப்ப.

பாதிப் பாலத்தில் கேட்டான்,
"நாலுன்னு ஏன்டா சொல்லல?"
"உங்க போட்டுக்கு இந்த வருஷமும்
நீலம்தானா?" என்றேன்.
தோளில் ஒன்று வைத்தான். வலித்தது.
பிறகு இருவரும் சன்னலுக்கு வெளியே பார்த்தோம்,
அவன் அந்தப் பக்கம்,
நான் இந்தப் பக்கம்.

பாலத்தை அப்போதும்
நான் சரியாகப் பார்க்கவில்லை.